எதிர்த்தரப்பில் என் பழைய சார்

நான்கு வருடங்களுக்கு முன், புதுக்கோட்டையில் நான் தனியாக வக்கீல் அலுவலகம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அதே ஊரில் ஒரு மூத்த வக்கீலிடம் பத்து வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள் நான். விவாகரத்து, ஜீவனாம்சம் என்று குடும்ப வழக்குகளை டைப் அடித்து அடித்தே சட்டத்தின் மேல் ஆசை வந்தது. முப்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்ச் சட்டம் படித்தேன். அந்த மூன்று வருடமும் எங்கள் பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியது என் கணவர்தான்.

ஆனால் டைப்பிஸ்ட்டாக இருந்ததைப் பற்றி, வழக்குக் கொண்டுவரும் கட்சிக்காரர்களிடம் மூச்சுவிட மாட்டேன். மதிப்புக் குறைந்துவிடுமோ என்று பயம்.

அப்போது மீமிசலிலிருந்து ஒரு பெண், தன் அண்ணனோடு வந்தார். தையல் வேலை பார்ப்பவர். கணவரைப் பிரிந்து, ஏழு வயது மகளோடு தனியாக இருந்தார். "தாய் குழந்தையைப் பள்ளிக்கூடமே அனுப்புவதில்லை, என்னிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று கணவர் மனு போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், அவருடைய வக்கீலாக என் பழைய சாரின் கையெழுத்து!

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அண்ணனும் தங்கையும் மறுபடி வந்தார்கள். யாரோ அண்ணனிடம் என் பழைய வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"இவுங்க அந்த வக்கீல்கிட்ட டைப் அடிச்சவுங்களாம்ல. வா, வேற ஆளப் பாப்போம்" என்றார் என் முன்னாலேயே.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "டைப் அடிச்சவுங்கன்னா எழுத்தெழுத்தாப் படிச்சிருப்பாங்கல்லண்ணே? நான் எங்கிட்டும் வரல" என்றார்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, பிழை திருத்துவதுபோல அந்த வழக்குக் காகிதக் கட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். குழந்தையின் மார்க் குறைந்துவிட்டது என்று காட்ட, மதிப்பெண் அட்டையின் நகலை எதிர்த்தரப்பே இணைத்திருந்தது. அதன் பின்பக்கம் மங்கலாக வருகைப் பதிவு. அரையாண்டு முழுக்க ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. மாதாமாதம் தாயின் கையெழுத்து!

விசாரணை அன்று சார் வழக்கமான கம்பீரத்தோடு பேசி முடித்தார். பிறகு நான் எழுந்தேன். "அம்மா, மனுதாரர் கொடுத்த அட்டையோட பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் நீதிபதியிடம் சொன்னேன். அவர் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து சாரைப் பார்த்தார். வழக்கு முடியும்வரை குழந்தை தாயிடமே இருக்கட்டும், தகப்பனார் ஞாயிறுதோறும் பார்க்கலாம் என்று உத்தரவானது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வெளியே வராந்தாவில் சாரைப் பார்த்து ஒதுங்கினேன். அவரே நின்றார். "பின்பக்கத்தை நான் பாக்கலம்மா. நீங்க பாத்துட்டீங்க" என்றார். பத்து வருடமாக என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர்.

இப்போது புதிதாக வருகிற ஒவ்வொரு கட்சிக்காரரிடமும், நான் பத்து வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போகிறது.