கோப்பைக்கு யாரைக் கூப்பிடுவது

அபுதாபி முசஃபாவில் எங்கள் கால்பந்துக்கு இரண்டு பாகம் உண்டு. குளிர் தொடங்கியதும் எட்டு லேபர் கேம்ப் அணிகள் ஆடும் லீக். அது முடிந்ததும் கோப்பை. லீக்கில் வியர்வை சிந்துவது ஒருவர், கோப்பைக்குப் போவது இன்னொருவர் என்பதுதான் வழக்கம். ஏனென்றால் கோப்பை கொடுக்கிற கடைக்காரர் தனக்குப் பிடித்த இரண்டு அணிகளைக் கூப்பிடுவார். சூப்பர் மார்க்கெட் கோப்பைக்கு இரண்டு அணி, மெஸ் கோப்பைக்கு இரண்டு, தையல் கடைக் கோப்பைக்கு இரண்டு. கடைசியில் மூன்று அணிகள் தாங்களே சாம்பியன் என்று ஸ்டேட்டஸ் போடும். எங்கள் அணி இரண்டு வருடமாக லீக்கில் முதலிடம். ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் கேம்ப் ஒதுக்குப்புறம், எங்களோடு கூட்டம் வராது. கூட்டம் வராத அணியை அழைத்து எந்தக் கடைக்காரர் பிரியாணி போடுவார்?

நான் ஆடுகிறவன் இல்லை. வெல்டிங் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எழுதி வைத்த பிறகு சரியாக எழுதினோமா என்று தூக்கம் போகும். அணியின் பேப்பர் வேலை முழுக்க என் தலையில்தான்.

எங்கள் சைட்டின் சேஃப்டி ஆபீசர் அமெரிக்கர். ஹெல்மெட் போடாதவனைக் கண்டால் மட்டும் வாயைத் திறக்கிற மனிதர், ஒரு நாள் எங்கள் கோப்பைச் சண்டை காதில் விழுந்ததும் ஸ்டோரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் நாட்டில் கல்லூரிப் பிள்ளைகள் ஆடுவது வேறு கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அங்கேயும் சீசன் முடிந்ததும் ‘பௌல்’ என்று ஊருக்கு ஒரு போட்டி. யாரை அழைப்பது என்று கோட்டு போட்டவர்கள் முடிவு செய்வார்களாம். ஒரு ஆட்டமும் தோற்காத அணிகூடப் பட்டம் இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறது. பல வருடம் சண்டை போட்டு, முதல் நான்கு அணிகள் மோதி ஜெயிப்பவருக்கே பட்டம் என்று மாற்றினார்கள். அப்புறம் நான்கு பன்னிரண்டானது, ஆட்டங்கள் கூடிப்போயின. வேலைக்குப் போகிற நேரத்தில் அடிபடுவானேன் என்று சில பிள்ளைகள் பௌலில் ஆட மாட்டேன் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள் என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கும் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். கடைக்காரர்களில் அவர் சொல்தான் எடுபடும். அவரிடம் போய் நின்றேன். முதல் நான்கு அணிகள், இரண்டு அரையிறுதி, ஒரு ஃபைனல், ஒரே கோப்பை. யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். விதிகளையும் நானே எழுதினேன். லீக்கில் கொடுத்த ஒன்பது பெயர்கள்தான் கடைசிவரை. வசதியான கேம்ப்கள் ஃபைனலுக்கு மட்டும் ஷார்ஜாவிலிருந்து ஆள் இறக்குவதைத் தடுக்க அது. எமிரேட்ஸ் ஐடி கார்டு கையில் இல்லாதவர் களத்தில் இறங்கக் கூடாது. அணிக்கு ஏழு பேர் ஆட்டம், ஏழு பேர் தேறாவிட்டால் எதிரணிக்கு வெற்றி.

“எழுதிட்டா அப்பொறம் எனக்காவக்கூட மாத்தக் கூடாது தம்பி. சரியா?” என்றார் பாய்.

“மாத்த மாட்டோம் பாய்” என்றேன். எல்லா அணிகளிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேம்ப்புக்கு வந்தேன்.

அரையிறுதியில் ஜெயித்தோம். இரண்டு கோலும் போட்டவன் என் ரூம்காரன், புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர், என் கட்டிலுக்கு மேல் கட்டில். ஜெயித்த அன்றே அவன் மேலே ஏறும்போது வலது காலை மடக்க முடியாமல் இழுத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன்.

“வீக்கமெல்லாம் இல்ல மாப்ள. சும்மா பிடிப்பு” என்றான். முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது.

நான் காலண்டரைப் பார்த்தேன். அந்த மாதக் கடைசியில் அவனுக்கு விசா ரினியூவல். அதற்கு முன் புதிய ஃபோர்மேன் ஒவ்வொருவரையும் எண்ணெய் டேங்குக்கு அடியில் குத்தவைத்து வெல்டிங் அடிக்கச் சொல்லிப் பார்க்கிறார். குத்தவைக்க முடியாதவனுக்கு விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். பந்தாடி அடிபட்டது டியூட்டியில் பட்ட அடியும் ஆகாது. மாதக் கடைசிவரை ஓய்வு கொடுத்தால் முட்டி தேறும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபைனலும் ஆடினால் போச்சு. ஆனால் ஒன்பது பேரில் ஒருவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான், ஒருவனைத் தூரத்து ருவைஸ் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சம் சரியாக ஏழு, அவனையும் சேர்த்து. பழைய வழக்கப்படி என்றால் ஒரே மேட்ச், எப்போதோ முடிந்திருக்கும்.

ரெஃபரியிடம் கேட்டேன், ஃபைனலைத் தள்ளிவைக்க முடியுமா என்று. பாயைக் கேள் என்றார். பாயிடம் போனேன்.

“ஒரே ஒரு ஆள் மட்டும் புதுசா சேத்துக்கிறோம் பாய்.”

அவர் கோபப்படவில்லை. “முன்னாடி மாதிரி இருந்தா ஒரு போன்ல முடிச்சிருப்பேன் தம்பி. நீதான் எழுதி எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்குன. இப்ப ஒனக்கு மட்டும் மாத்துனா மத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ரூமில் அவன் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி எதிரணியின் டிஃபென்ஸ் எப்படி என்று கேட்பான். ஃபைனல் என்று வீட்டுக்காரியிடம் வீடியோ காலில் ஜெர்சியைக் காட்டினான். ஆடாதே என்று சொல்ல வாயெடுப்பேன், வராது. சொன்னாலும் ஆடத்தான் போகிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஏழு ஐடிகளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அவனுடையதை மட்டும் எடுத்து என் சாக்ஸுக்குள் செருகினேன். மைதானத்தில் ரெஃபரி எண்ணினார். ஆறு. எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினேன்.  “ரூம்லயே விட்டுட்டேன் போல” என்றேன். எங்கள் பையன்கள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. ரெஃபரி அரை மணி நேரம் பொறுத்தார். பிறகு நான் எழுதிய விதிக் காகிதத்தைப் பார்த்து எதிரணிக்குக் கோப்பை என்று அறிவித்தார். அவன் முட்டியில் கட்டுப் போட்டு, பூட்ஸ் மாட்டித் தயாராக நின்றான். பையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதக் கடைசியில் எண்ணெய் டேங்குக்கு அடியில் குத்தவைத்து வெல்டிங் அடித்துக் காட்டினான். ரினியூவலும் ஆனது. எனக்கு உயிர் வந்தது. அன்று மத்தியானம் மெஸ்ஸில் தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“கார்டு எங்க இருந்துச்சுன்னு தெரியும் மாப்ள.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“வேல போகாம இருக்குறதுக்கு நீதான் காரணம், இல்லேங்கல. ஆனா யாரு ஆடணும்னு வேற எவனோ முடிவு பண்றான்னுதான ரெண்டு வருசமாக் கத்துன? ஏழு பேரு வேணுமேன்னுதான் பூட்ஸ் மாட்டுனேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான். ஃபைனலுக்கு முந்தின வாரம் நான் ரெஃபரியிடம் கேட்டேன், பாயிடம் கேட்டேன். மேல் கட்டிலில் படுத்திருந்தவனிடம் கேட்கவில்லை.