என் மனைவி வைத்த பெயர்

அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு சஞ்சிகையின் ஆசிரியராக இருந்துவிட்டு, எண்பதுகளில் நியூசிலாந்தின் பக்குரங்காவில் எங்கள் அயலவராகக் குடியேறிய கட்டுரையாளர் ஒருவர் என் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தித் தருவார். ஒவ்வொன்றிலும் பாதியை வெட்டிவிடுவார். அவர் வாசலில் தலைகாட்டினாலே என் மனைவி, "இஞ்சருங்கோ, உங்கட கத்தரிக்கோல் வருகுது" என்பாள். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் மறைந்தபின் அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அவரிடம் கொடுத்தேன். அவளுடைய பொறுமையும் நோயும் அதில் ஒழுங்காக இருந்தன. அவர் பென்சிலைத் தொடாமல் படித்து முடித்தார்.

"இதில் உங்கள் மனைவி என்னைக் கேலி செய்யவே இல்லையே," என்றார்.

வெட்டுவதையே அறிந்தவர், அன்று முதன்முறையாக ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். அவருடைய மேசையிலேயே இருந்து எழுதினேன். முடிக்கும்வரை அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.