பயந்த ராஜாவைப் பற்றி நான் எடுத்த பாடம்

இலங்கை மலைநாட்டு அட்டனில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. அப்பா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை.

அன்று இங்கிலாந்தின் டியூடர் வம்சத்தின் முதல் ராஜாவின் வெளிநாட்டு உறவுகளைப் பற்றிப் பாடம். போரில் வென்று அரியணையைப் பிடித்தவர். அந்த அரியணைமேல் அவருக்கு இருந்த உரிமையோ பலவீனமானது. "நான்தான் உண்மையான இளவரசன்" என்று எவனாவது கிளம்பினால், அவனுக்கு அடைக்கலம் கொடுக்க அக்கம்பக்கத்து அரசர்கள் தயாராக இருந்தார்கள். அதனால் மூத்த மகனுக்கு ஸ்பெயினில் பெண் எடுத்தார். பதின்மூன்று வயது மகளை ஸ்காட்லாந்து ராஜாவிடம் அனுப்பினார். பிரான்சின் மேல் படையெடுத்துப் போனவர், பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகத் திரும்பினார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேச்சு வேகத்தில், "அவர் பயந்தவர். பயத்தில்தான் எல்லா ஒப்பந்தமும் போட்டார்" என்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. அப்போதே எழுந்து போனார்.

மறுநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்குத் துரையின் பங்களாவுக்குப் போகச் சொன்னார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

வகுப்பில் பேசியதையும் சேர்த்து அப்பாவிடம் சொன்னேன்.

"தொழிலாளிங்க கூட்டத்துல பேசுனாருன்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருத்தருக்குப் பத்துச்சீட்டு குடுத்து ஒரே நாள்ல வேலைய விட்டு வெளிய அனுப்புனாங்களே, மறந்துட்டியா?" என்றார். "அவங்க ராஜாவப் போயி பயந்தவருன்னு சொன்னா சும்மா விடுவாங்களா தம்பி? தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடு. வாதாடாத."

அன்றே என் பாடக்குறிப்புகளை அடுப்பில் போட்டேன். அதில் என்ன குற்றம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பனிமூட்டத்தில் தேயிலை மலைக்கு நடுவே நாலு மைல் ஏறினேன். பங்களாவின் பின்பக்கத்தில், சமையற்காரர்கள் புழங்கும் குசினி வாசலருகே என்னை நிற்க வைத்தார்கள். துரை வந்து, ஆங்கிலத்தில் கேட்டார்: "எங்கள் ராஜா கோழை என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

கோழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொன்னால் வாதாடுவதாகிவிடும். "தவறு செய்துவிட்டேன்" என்றேன்.

"திங்கட்கிழமை வகுப்பில் திருத்திச் சொல். நான் கேட்க வருவேன்."

திங்கட்கிழமை அவர் வந்தார். நான் பலகையைப் பார்த்தபடியே, "அந்த ராஜா பயந்தவர் அல்ல, புத்திசாலி, தூரதிருஷ்டி உள்ளவர்" என்று ஒப்பித்தேன்.

தலவாக்கலையிலிருந்து ரயிலில் வந்து படிக்கும் ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பதை மறந்து, "சார், போன வாரம் பயந்தவருன்னீங்க. பயந்தவங்களுக்குப் புத்தி இருக்காதா?" என்று கேட்டாள்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பதில் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஏனோ முடியவில்லை.

"இருக்கும்," என்றேன். "அந்த ராஜாவுக்கு இருந்தது. பயந்ததனாலதான் வீணா சண்டைக்குப் போகல."

மணி அடித்தது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரமும் தபால்காரரைக் கண்டாலே வீட்டுக்குள் போய்விடுவேன். கடைசியில் நிர்வாகத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. உறையை அப்பாதான் பிரித்து, ஆங்கிலம் தெரியாததால் அதை என்னிடமே நீட்டினார்.

என் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று இருந்தது. துரை எதிர்த்தாரா, ஆதரித்தாரா என்று ஒரு வரியும் இல்லை. அப்பா நம்பாமல், இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.