கவாத்து விறகில் ஒரு வேலி

மே மாதக் கடைசியில் தேவாலா பக்கம் யாரும் வானத்தைப் பார்க்காமல் பல் துலக்க மாட்டார்கள். நான் அந்த வருஷம் பல் துலக்கி முடிப்பதற்குள் நாலு முறை வெளியே ஓடினேன்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே ஒரு கல் குவாரி மூடிக் கிடக்கிறது. உடைத்தவர்கள் போய்விட்டார்கள், உடைத்த தூள் மட்டும் மேடாகக் குவிந்து நிற்கிறது. மழை விழுந்தால் அது கரைந்து ஓடையில் இறங்கும். அந்த ஓடையிலிருந்துதான் குழாய் வழியாக எங்கள் தொட்டிக்குத் தண்ணீர். போன வருஷ மழையில் குழாய் சேறடைத்து நின்றுபோனது. கீழ்க் கிணற்றிலிருந்து குடம் சுமந்த அம்மா வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். இன்னமும் அந்தக் கையால் கொழுந்துக் கூடையைத் தூக்கி மாட்ட முடியவில்லை. ஆனாலும் குழாய் நின்றால் முதல் ஆளாகக் குடத்தை எடுப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூரில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரம் அது. சும்மா உட்கார எனக்கு வராது. சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னோம், 'பார்க்கலாம்' என்றார்கள். மழை பார்த்துக்கொண்டா இருக்கும்? ஜீப் ஓட்டும் அண்ணனை இழுத்துக்கொண்டு போய்த் தூள் மேட்டின் அடியில் குழி வெட்டினேன். மேட்டுத் தண்ணீர் அதில் நிற்க வேண்டும். தூளை அடியில் விட்டுவிட்டு மேலாக வழிய வேண்டும். வழியும் இடத்தில் வேகத்தைத் தடுக்க ஒரு வேலி. தேயிலையைக் கவாத்து வெட்டி முடித்திருந்தார்கள், குச்சிகள் பாதையோரம் குவியலாகக் கிடந்தன. இரண்டு குவியலை அள்ளி வந்து, முளையடித்து, பின்னினோம். அத்தனை அழகு! போட்டோ எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் முளைகள் மட்டும் நிற்கின்றன.

"மாடு தின்னிருக்கும்" என்று அண்ணன் சிரித்தான்.

"பின்னலை அவுத்தா தின்னும்?"

கீழே இறங்கியதும் விஷயம் தெரிந்தது. அடுத்த வீட்டு அக்காவின் வாசலில், தார்ப்பாய்க்கு அடியில், என் வேலி கட்டுக் கட்டாக.

"என்னங்கக்கா இது? நான் கட்டுன வேலி!"

"வேலியா? நான் வெட்டுன நெரையில கெடந்த வெறகு புள்ள. குவியல் மேல துணி கட்டி வெச்சிருந்தேனே, கண்ணு தெரியலயா?"

துணியைப் பார்த்தேன்தான். குப்பை என்று வீசிவிட்டேன். இங்கே யார் வெட்டிய தேயிலை நிரையோ அவருக்குத்தான் அதன் விறகு. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் இருந்தவளுக்கு அது எங்கே தெரிந்தது?

"அக்கா, மழை வந்தா தண்ணி பூரா சேறா வரும்."

"சேத்துத் தண்ணிய வடிகட்டிக்கலாம். நனைஞ்ச வெறக எதுல போட்டு வடிகட்ட?"

"குழாயே அடைச்சுக்கும்க்கா. அம்மா மறுபடி கொடம் தூக்கும்."

அக்கா எங்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். போன வருஷம் அம்மாவைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

"அதுக்காக என் அடுப்பு அணையணுமா?" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "வெறகுக்கு வெறகு குடு. காஞ்சதா குடு. அப்புறம் எடுத்துட்டுப் போ."

அண்ணனின் ஜீப் முதலாளியுடைய மிளகுத் தோட்டத்தில், நிழல் குறைக்கக் கழித்த சில்வர் ஓக் கிளைகள் காய்ந்து கிடந்தன. மறுநாள் காலையிலேயே கேட்டு வாங்கி, ஏற்றி வந்து அக்கா வாசலில் இறக்கினோம். அவர் ஒவ்வொரு கிளையாக ஒடித்துப் பார்த்த பிறகுதான் தார்ப்பாயைத் தூக்கினார். எனக்கோ மேகம் தலைக்கு மேலேயே நிற்பதுபோல் இருந்தது.

பாதி பின்னுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை நனைந்துகொண்டே பின்னினோம். குழி நிறைந்தது, சாம்பல் நிறத்தில் சுழன்றது, குச்சிகளுக்கு நடுவே கசிய ஆரம்பித்தது. நான் தொட்டிக்கும் குழிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஒரு எடத்துல நில்லுடி! குழி தெளியறதுக்குள்ள நீ கரைஞ்சு போயிருவ!" என்று அண்ணன் மேலிருந்து கத்தினான்.

அம்மா குடத்தோடு தொட்டியருகே வந்துவிட்டிருந்தாள். குழாய் நிற்கவில்லை. ஓடியது, வெளுப்பாக. அக்கா ஒரு செம்பில் பிடித்து, சாய்த்துப் பார்த்தார்.

"போன மழைக்குக் கெட்டிப்பாலு வந்துச்சு. இது டீக்கடைப் பாலு."

அம்மா சிரித்துவிட்டாள். குடத்தைத் தொட்டி விளிம்பில் வைத்தாள், கீழ்க் கிணற்றுப் பாதைப் பக்கம் திரும்பவில்லை.

எனக்குப் போதவில்லை. மழை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, தூள் மேடு அப்படியே இருக்கிறது. ஓடைக்குப் பக்கத்தில் இன்னொரு குழி, இன்னொரு வேலி போட்டால்தான் குழாய் தாங்கும். வாயைத் திறப்பதற்குள் அக்காவே கேட்டார்.

"இன்னும் எத்தனை கட்டு?"

"மூணுக்கா."

"ரெண்டுதான். உங்க சில்வர் ஓக்கு படபடன்னு எரிஞ்சு போகுது புள்ள. ஒண்ணுக்கு ரெண்டாக் கொண்டாரச் சொல்லு உங்கண்ணன."