பாடப்புத்தகத்தில் ஏறிய சமையல்காரி

நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அதுவும் கூரைவரை போகாது. இருபத்துநாலு வருடமாக நான் இந்தப் பக்கம் கணக்கு நடத்திக்கொண்டே அந்தப் பக்கத்து வரலாற்றை ஓசியில் கேட்டிருக்கிறேன். நடத்தியவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். பிள்ளைகள் வைத்த பெயர் ‘அப்புறம் டீச்சர்’. அவர் கதையை நிறுத்தினால் நாற்பது வாயும் சேர்ந்து “அப்புறம்?” என்று கேட்கும். மணி அடித்த பிறகும் ஒரு பயல் எழுந்திருக்க மாட்டான். என் வகுப்பிலோ மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நோட்டுகள் எல்லாம் பைக்குள் போயிருக்கும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அக்காவின் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரே மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அக்கா தபால் வழியில் வரலாற்றில் எம்.ஏ. முடித்து, கல்லூரியில் பாடம் எடுக்க ஆசைப்பட்டவர். கிடைத்தது நாலாம் வகுப்பு. அதற்காக அவர் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. ஊர் எல்லையில் இடிந்து கிடக்கும் கோட்டையை ஒரு நிமிடத்தில் கரும்பலகையில் முழுசாக எழுப்பிவிடுவார்.

அந்தக் கோட்டையால்தான் வினை வந்தது. பாடத்தில் அதற்கு ஆறு வரி. எதிரிப்படை தொண்ணூறு நாள் முற்றுகை போட்டது, பீரங்கிகள் இத்தனை, தளபதி இன்னார், கடைசியில் படை திரும்பிப் போனது. ஏன் போனது என்று புத்தகம் சொல்லவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி வகுப்பு தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்.

“தொண்ணூறு நாள் உள்ள இருந்தவங்க என்ன டீச்சர் சாப்பிட்டாங்க?”

தெரியாது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

“உள்ள ஒரு சமையல்காரி இருந்தா” என்றார்.

அவ்வளவுதான், வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தச் சமையல்காரி தானியத்தை அளந்து அளந்து கஞ்சி காய்ச்சினாள். அறுபதாம் நாள் தானியம் தீர்ந்தது. அதன் பிறகும் தினமும் அடுப்பை மூட்டி வெறும் பானையை ஏற்றினாள். வெளியே இருந்த படை, மதிலுக்கு மேல் எழும்பிய புகையைப் பார்த்து உள்ளே சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று நம்பி, மூட்டை கட்டிக்கொண்டு போனது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. மாலையில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டு, பிள்ளைகள் தூங்காமல் இருக்கத்தானே என்றார்.

அடுத்த வருடமும் சொன்னார். அதற்கடுத்த வருடமும் சொன்னார். வருடத்துக்கு வருடம் சமையல்காரிக்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்தது. நான் மட்டும் யோக்கியமா? ‘சமையல்காரி அறுபது நாளில் இருபத்துநாலாயிரம் அகப்பை கஞ்சி ஊற்றினால் ஒரு நாளைக்கு எத்தனை?’ என்று வகுத்தல் கணக்குக் கொடுத்தேன். விடை நானூறு.

அந்தச் சிறுமி கேள்வி கேட்டு இருபத்திரண்டு வருடம் கழித்து, அக்கா ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, புதுப் பாடப்புத்தகம் வந்தது. கோட்டைப் பாடத்தில் அரைப் பக்கத்துக்குச் சமையல்காரி. புகை, மதில், பானை எல்லாம் படத்தோடு இருந்தன. ‘நாள்தோறும் நானூறு பேருக்கு உணவளித்தார்’ என்று ஒரு வரியும் இருந்தது. மீதி வராமல் வகுபட வேண்டும் என்பதற்காக நான் போட்ட எண் அது. படித்துவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பாடநூல் குழுவில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினார். அன்று கடைசி வரிசையில் இருந்து கேள்வி கேட்டாளே, அவள் பெயர். அக்காவிடம் படித்தவர்களில் வரலாற்றையே பிழைப்பாக எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

புதுப் புத்தகத்துக்கு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்தவளே அவள்தான். மேடையில் நின்று, இந்தச் சமையல்காரியைத் தனக்கு அறிமுகப்படுத்திய டீச்சர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்று அக்காவைக் கை காட்டினாள். அறுபது ஆசிரியர்களும் கை தட்டினார்கள். அக்கா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். இடைவேளையில் அவளைத் தனியாகப் பார்த்தாக வேண்டும் என்று என் காதில் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவும் குழாயடியில் அவளைப் பிடித்தோம். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

“அந்தச் சமையல்காரிய நான்தாம்மா உண்டாக்கினேன். நீ கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவள் நம்பவில்லை. சும்மா எழுதிவிடவில்லை என்றாள். ஊருக்கே வந்து ஐம்பது பேரைக் கேட்டாளாம். ஐம்பது பேரும் ஒரே கதையைச் சொன்னார்களாம். கோட்டைக்குள் கரி படிந்த ஒரு கல்லைக்கூட இதுதான் அவள் அடுப்பு என்று காட்டினார்களாம். அந்த ஐம்பது பேரும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று நான் கேட்டேன். அவள் கை குழாயிலேயே நின்றது. தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பாடநூல் குழுவில் மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. இன்னும் ஆறு மாதத்தில் நிரந்தரமாக வேண்டியது. இது வெளியே வந்தால் அவளை வைத்திருக்க மாட்டார்கள். “டீச்சர், நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல” என்று சொன்னவள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் நான் அக்காவிடம் கரடியாகக் கத்தினேன். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருங்கள், ஒரு சமையல்காரியால் யாருக்கு என்ன நஷ்டம், அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண் விழ வேண்டுமா என்றெல்லாம் கேட்டேன். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் பரீட்சையில் எழுதப் போகிறார்கள் என்றார் அக்கா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாயா என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் பாடநூல் குழுவுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். சமையல்காரி தன் கற்பனை என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. குழுவில் உள்ள அந்தப் பெண் தன்னை நேரில் சந்தித்து ஆதாரம் கேட்டதாகவும், பழைய ஓலையில் தன் கண்ணால் படித்ததாகத் தான் பொய் சொல்லி அவளை நம்ப வைத்ததாகவும் எழுதியிருந்தார். அவள் அப்படி ஒருநாளும் வந்து கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்யா என்றேன்.

“இது கடைசி. என்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்க. அவளுக்கு இன்னும் வயசிருக்கு” என்றார்.

திட்டியதோடு விடவில்லை. விசாரணை வந்தது. முப்பது வருட ஆசிரியையை, அவர் வகுப்பு வாசலிலேயே நிற்க வைத்து, பிள்ளைகள் காதில் விழக் கேள்வி கேட்டார்கள். வரலாற்றுப் பாடத்தை அவரிடம் இருந்து எடுத்து என் தலையில் கட்டினார்கள். அக்கா மிச்ச மாதங்களை நூலகத்தில் அட்டை ஒட்டிக் கழித்தார். நான் நாலாம் வகுப்புக்குப் போய், சமையல்காரி இல்லை, அது கதை என்று சொன்னேன். ஒரு வாண்டு எழுந்து, அப்படியென்றால் படை ஏன் திரும்பிப் போனது என்று கேட்டான். தெரியாது என்றேன். எத்தனை கசப்பான சொல் அது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அக்கா ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு அவள் நூலகத்துக்கு வந்தாள். அன்று நானும் அங்கேதான் இருந்தேன். வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று அக்கா ஆவலாகக் கேட்டார். போய்விட்டது என்றாள். குழு அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அக்காவின் கடிதத்துக்கு ஆமாம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் தப்பித்திருப்பாள். டீச்சரை நான் சந்திக்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை, சரிபார்க்காமல் எழுதியது என் தப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நான்தான் எல்லாத்தையும் என் தலையில போட்டு எழுதிட்டேனே. நீ ஏன்டி இப்படிப் பண்ணினே?”

“நீங்க எழுதினதுக்கு ஆதாரம் இல்லையே டீச்சர்” என்றாள் அவள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வேலை போனவள்தான் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.