ஒரு கரண்டி உறை

ஆஸ்பத்திரி நடையில் நின்று என் நாத்தனாரை நான் பேசிய பேச்சில் ஒரு வரியை மட்டும் இங்கே எழுதுகிறேன். "பிள்ளையக் கொல்றதுக்குன்னே வந்தீங்களா?" என்று கேட்டேன். மற்றவை அச்சில் ஏற்றக்கூடியவை அல்ல. கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்றவர் சத்தம் போட வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் இன்னும் உரக்கப் பேசினேன்.

உள்ளே என் மகள் தர்ஷிக்கு ஒக்சிஜன் வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது நாலு வயது. இமைகள் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. உதடு அவளுடைய உதடாகவே இல்லை. காலையில் நான் பின்னிவிட்ட சடை மட்டும் கலையாமல் இருந்தது.

தர்ஷிக்குப் பால் ஒவ்வாமை. எட்டாவது மாதத்தில் முதன்முதலாகப் பால்மா கரைத்துக் கொடுத்த அன்றே வாயைச் சுற்றிச் சிவந்தது. "கொசு கடிச்சிருக்கும்" என்றார் என் கணவர் ரவி. அடுத்த நாள் கொடுத்தேன், வாந்தி எடுத்தாள், உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு தனியார் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பால் செரிக்கவில்லை, தயிர் கொடுங்கள், தயிரில் பால் பாதி செரித்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். கொடுத்தேன். மூச்சு இழுக்கத் தொடங்கியது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் படுத்தது அப்படித்தான்.

அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. பால் செரிக்காமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது வயிற்றுப்போக்கோடு போகும். பின்னது, பாலில் உள்ள புரதத்தை உடம்பு நஞ்சென்று எடுத்துக்கொண்டு தன்னையே அடித்துக்கொள்வது. புளிக்க வைத்தாலும் காய்ச்சினாலும் அந்தப் புரதம் அங்கேயே இருக்கும். இதை எனக்குச் சொல்ல ஒரு வைத்தியருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு அன்று கிடைக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் பிரிவில் ஒரு யாழ்ப்பாணத்து வைத்தியரைப் பார்த்தோம். தோல் குத்துச் சோதனை (கையில் பால் சத்துத் துளி வைத்து ஊசியால் மெல்லக் குத்திப் பார்ப்பது) செய்தார். துளி வைத்த இடம் கொசுக்கடியை விடப் பெரிதாகத் தடித்தது. மாட்டுப்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் மூன்றும் கூடாது என்றார். அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி (தொண்டை அடைத்து இரத்த அழுத்தம் விழும்போது உயிரைப் பிடித்து நிறுத்தும் மருந்து) ஒன்றைக் கொடுத்து, போடும் விதத்தைக் காட்டி, வீட்டில் உள்ள எல்லோருக்கும் பழக்கச் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஊரே வைத்தியராக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு சொட்டுப் பால்ல என்னா ஆகப் போகுது?" "பழக்குனா சரியாயிரும்." "எங்க காலத்துல இப்புடி ஒரு வியாதியே இல்ல." கோயிலில் பாலும் தயிரும் சேர்த்த பஞ்சாமிர்தத்தை அவள் வாயருகே கொண்டுவந்த ஒரு அம்மாளின் கையை நான் தட்டிவிட்டேன். சாமிக் குற்றம் என்றார்கள். எந்தச் சாமி வந்து மூச்சு ஊதும் என்று கேட்டேன். அதோடு அந்தக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

நாத்தனார் சரோஜா அண்ணி ரவிக்கு மூத்தவர். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் வீடு. குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். ரவி கண்டி பஸ் நிலையத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறார், நான் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று சொன்னதும், அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு ஹந்தானை மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த வருடமே ஒரு தப்புச் செய்தார். தர்ஷி அழுதாள் என்று மில்க் டொஃபியில் ஒரு துண்டு கொடுத்துவிட்டார். தடிப்போடு போனது. ஆனால் நான் மறக்கவில்லை. ஊசியை அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதைப் போடும் விதத்தை ரவிக்கு மட்டும் காட்டினேன். அண்ணிக்குக் காட்டவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான்.

தயிர் ஆசை ரவியால் வந்தது. எருமைத் தயிரில் கித்துள் பாணி என்ற பனைப்பாகை ஊற்றி அவர் சாப்பிடும்போது பிள்ளை பக்கத்தில் நின்று வாயைப் பார்ப்பாள். "எனக்கு எப்பம்மா?" என்று கேட்பாள். தேங்காய்ப்பாலில் தயிர் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் குளிரில் இரண்டு நாள் வைத்தும் உறையவில்லை, நாற்றமடித்தது. அப்போதுதான் அண்ணி தன் குவைத்துப் பெட்டியிலிருந்து ஸ்லோ குக்கரை எடுத்தார். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேக வைக்கும் மின்சாரச் சட்டி அது. "அந்த வீட்டுக் கிழவருக்கு இதுலதான் தயிர் போடுவேன் சாந்தி. சூடு அப்புடியே நிக்கும்" என்றார்.

செய்முறையைச் சொல்கிறேன், தேவைப்படுகிறவர்கள் இருப்பீர்கள். இரண்டு தேங்காயைத் துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் கட்டிப்பால் பிழிய வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவையும் கொஞ்சம் சீனியையும் கட்டியில்லாமல் கரைத்து, குக்கரில் குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம், அடிக்கடி கிண்டி, கூழ்ப்பதம் வரும்வரை வைக்க வேண்டும். அணைத்துவிட்டு, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை ஆற விட வேண்டும். உறை விட்டுக் கலந்து, மூடி, சட்டியோடு கம்பளியில் சுற்றிப் பத்து மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும்.

பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் மா வேண்டாம். முதல் தடவை அதைத்தான் வாங்கினேன். நாள் முழுக்கப் பிறருக்குச் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லும் தொழிலில் இருப்பவள் நான். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். சோடியம் கேசினேட் என்றிருந்தது. அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். முன்பக்கத்தில் தேங்காய்ப் படம், பின்பக்கத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. கடைக்காரரோடு சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, என்னைப் போல் கவனமான தாய் கண்டியிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தயிர் அருமையாக வந்தது. தர்ஷி விரலால் வழித்துத் தின்றாள். நாங்கள் மூவரும் அவளைச் சுற்றி நின்று சிரித்தோம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்புகள் வந்து வந்து போயின. நான் ஆளாளாக விசாரித்தேன். நர்சரி டீச்சரிடம், எந்தப் பிள்ளையின் சாப்பாட்டைத் தொட்டாள் என்று கேட்டேன். ரவி பால் தேத்தண்ணி குடித்துவிட்டு அவளை முத்தமிடக் கூடாதென்று சட்டம் போட்டேன். கடைசியில் சந்தேகம் அண்ணி மேல் போய் உட்கார்ந்தது. வேலைக்குப் போகுமுன் அவருடைய பையைத் துழாவிப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று தர்ஷிக்குக் காய்ச்சல். சோறு வேண்டாம் என்றவளுக்கு, நான் செய்து வைத்த தயிரைப் பிசைந்து அண்ணி ஒரு கிண்ணம் நிறைய ஊட்டியிருக்கிறார். கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, இருமி, வாந்தி எடுத்து, பிள்ளை துவண்டிருக்கிறாள். அண்ணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் இறக்கத்தில் ஓடி, முதலில் கண்ட ஆட்டோவை மறித்து ஏறியிருக்கிறார். ஊசி அலுமாரிக்கு மேலே இருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனவுடனே ஊசி போட்டார்கள். நான் கடையிலிருந்து ஓடிவந்தபோதுதான் நடையில் அந்தக் கூத்து நடந்தது.

"நீ செஞ்சு வச்ச தயிருதான் குடுத்தேன் சாந்தி. வேற ஒண்ணுமே குடுக்கல."

"பொய் சொல்லாதீங்க. அதுல பாலே கிடையாது!"

அண்ணியின் கால் பெருவிரலில் இரத்தம் காய்ந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அடுத்த வார்த்தையையும் சொன்னேன்.

இரண்டு மணி நேரம் கழித்து யாழ்ப்பாணத்து வைத்தியர் என்னை உள்ளே கூப்பிட்டார். அனபிலக்சிஸ் (உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கும் கடும் ஒவ்வாமை) என்றார். ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் ஒரு இரவு வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை கடைசியா என்ன சாப்பிட்டவ?"

"தேங்காய்ப்பால் தயிர் டாக்டர். நானே வீட்டுல செஞ்சது."

"தேங்காய்ப்பால் தன்பாட்டிலை தயிராகாதே அம்மா. உறைக்கு என்ன விட்டனீங்கள்?"

"ஒரு கரண்டி தயிர்."

"என்ன தயிர்?"

நான் வாயைத் திறந்தேன். எருமைத் தயிர் என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ரவிக்கு வாங்கும் சட்டியிலிருந்து, ஒவ்வொரு தடவையும், என் கையாலேயே வழித்து விட்டது. மூன்று வாரம்.

"ஒரு கரண்டிதானே எண்டு விட்டிருப்பியள். இவவுக்கு அந்த அளவே காணும், கூடத் தேவையில்லை. இண்டைக்குக் காய்ச்சலும் சேர்ந்திட்டுது, அதுதான் இப்பிடி" என்றார் வைத்தியர். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

எப்படித் தவறினேன் என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். உறையை ஒரு பொருளாகவே நாம் எண்ணுவதில்லை. தயிருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் பால் என்போம், அதோடு நிறுத்திக்கொள்வோம். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தவள், என் கையில் இருந்த கரண்டியைப் படிக்கவில்லை. கோயில் அம்மாளும், டொஃபி கொடுத்த அண்ணியும், அந்தத் தனியார் வைத்தியரும் செய்ததைச் சேர்த்தாலும் நான் செய்த அளவுக்கு வராது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. இத்தனை வருடமாக மற்றவர்கள் மேல் வளர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் ஒரே நாளில் என் மேல் திரும்பியது. அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. அது இருந்தால்தான் நான் அடுத்த கரண்டியைப் பார்ப்பேன்.

அண்ணி நடையில் இல்லை. ரவியிடம் சொல்லிவிட்டு ஹேவாஹெட்ட பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"நீ உறை விட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் தோணல. அது தெரியாமச் செஞ்சது, அத விடு" என்றார். பிறகு விறகுக் கத்தியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு அத்தன பேரு முன்னுக்கு நீ பேசுனது தெரிஞ்சு பேசுனது. அது வேற."

மன்னித்துவிடுங்கள் என்றேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சாயத்தண்ணி, பாலில்லாதது.

குக்கரை நான் எறியவில்லை. மரக்கரண்டியை எறிந்தேன், அதில் பழைய தயிர் ஊறியிருக்கும். உறைக்கு இப்போது வைத்தியர் எழுதிக்கொடுத்த குளிகையைத் திறந்து கொட்டுகிறேன் (தயிராக்கும் நுண்ணுயிர்களை உலர்த்தி அடைத்தது). அதிலும் பால் கலந்தவை உண்டு, ஆகவே ஒவ்வொரு டப்பியையும் கடையிலேயே நின்று படிக்க வேண்டும். முதல் சட்டியில் செய்ததைப் பிள்ளைகள் பிரிவுக்கே கொண்டுபோய், வைத்தியர் முன்னால் கால் கரண்டி கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஊசி இப்போது கதவுப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

வருடா வருடம் சோதித்துப் பார்க்கலாம், வளர வளர விட்டுப்போகவும் கூடும் என்கிறார் வைத்தியர். அதுவரை எங்கள் வீட்டில் நாள் வேறு விதமாகப் போகிறது. எது புதிதாகத் தின்றாலும் இரண்டு மணி நேரம் அவள் தோலைப் பார்த்திருப்போம். அந்த நேரத்தில் யாரும் குளிக்கப் போவதில்லை, ரவி சவாரி எடுப்பதில்லை. தர்ஷியே தின்று முடித்ததும் இரண்டு கைகளையும் திருப்பி நீட்டுவாள். தோலைப் படிக்கக் கொடுப்பது அவளுக்குக் கை கழுவுவது போல ஆகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பழகியிருக்கக் கூடாது.

ஏழு மாதம் கழித்து அண்ணி வந்தார். தர்ஷி கத்திக்கொண்டு ஓடி மடியில் ஏறினாள். நான் குக்கரிலிருந்து தயிர் எடுத்து, கிண்ணத்தில் பிசைந்து, அண்ணியிடம் நீட்டினேன்.

"நீங்களே ஊட்டுங்க அண்ணி."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "வேணாம், நீயே குடு. எனக்குக் கை வராது."

நான் ஊட்டினேன். ஊசி இருக்கும் இடத்தையும், தொடையில் எங்கே போடுவது என்பதையும் காட்டினேன். இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு, தர்ஷியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டார். நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் கண் அந்தக் கையை விட்டு அகலவேயில்லை.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு" என்றார் கடைசியில். கையை மெல்ல அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடினார்.