அகலக் காலுக்கு ஒரு ஃபுட்பால் ஷூ

ஒரு ஃபுட்பால் ஷூ வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. விலை பெரிய தடையாக இருக்கவில்லை. என்னை நான் நம்பவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டு பால்கனியில் நிற்கும் டிரெட்மில்லில் துணி காய்கிறது. யோகா பாய் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. நீச்சல் பழக வாங்கிய கண்ணாடியை என் மகள் வெங்காயம் நறுக்கும்போது மாட்டிக்கொள்கிறாள். நாற்பதைத் தாண்டிய பிறகு இவற்றோடு இன்னொரு பொருளையும் சேர்க்க வேண்டுமா?

ஆட்டத்துக்கு நான் வந்ததே தற்செயல்தான். மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த காலி மனையில் யாரோ பச்சைச் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, டர்ஃப் என்று போர்டு மாட்டினார்கள். சாயங்காலமானால் ஐ.டி. பையன்கள் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் காலியாக இருக்கும். அந்த நேரத்தை எங்கள் குடியிருப்புப் பெண்கள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஆள் குறைகிறது, சும்மா வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பந்து என் பக்கம் வந்தது. உதைத்தேன். அது யாரும் இல்லாத மூலைக்குப் போய் வலையில் மோதி ‘தொம்’ என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

விருதுநகர்ப் பக்கம் நான் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்தது கோகோ மட்டும்தான். பந்தைக் காலால் தொட்டதுகூட இல்லை. அதனால் என்னைக் கோலுக்கு முன்னால், பின்வரிசையில் நிறுத்தினார்கள். அப்படித்தான் எங்கள் கோல்கீப்பர் எனக்கு நெருக்கமானாள்.

அவள் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவள் இல்லை. கள்ளிக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே இருப்பவள். சொந்தமாக ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதில்தான் போகிறார்கள். அவர்கள் குடும்பத்து நிலத்தில் இப்போது வரிசையாக மாடி வீடுகள் நிற்கின்றன. அந்த நிலம் தரிசாகக் கிடந்த காலத்தில் அண்ணன்களோடு அங்கே பந்தாடி வளர்ந்தவள் அவள். பந்து வந்தால் யோசிக்காமல் விழுவாள். வேனுக்குள் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் எங்களையும் அதட்டுவாள்.

“யக்கா, இன்னாக்கா கீழயே பாத்துகினு கீற? பந்து அந்தாண்ட போவுது பாரு!”

கீழே பார்க்காமல் என்ன செய்வது? நான் போட்டிருந்தது நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூ. மெத்தை மாதிரித் தடித்த அடி. நேராக நடக்கச் சுகம். சட்டென்று திரும்பினால் ஷூ ஒரு பக்கம் போகும், உள்ளே கால் ஒரு பக்கம் போகும். புல்லில் பனி ஈரம் இருந்த ஒரு காலையில் அப்படித் திரும்பியதில் கணுக்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே வீடு வந்தேன்.

கணவர் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு ஆட்டத்த விடு, இல்ல ஷூவ மாத்து. ரெண்டுக்கும் நடுவுல கால ஒடச்சுக்காத.”

“வாங்கிட்டு மூணாவது மாசம் விட்டுட்டேன்னா?”

“விட மாட்டே. டிரெட்மில்ல ஏறுன அன்னைக்கே எப்ப இறங்கலாம்னு பாத்தவ நீ. இதுக்கு மட்டும் அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சிர்ற.”

இருபது வருடத்தில் அவர் என்னைக் கவனித்துச் சொன்ன உருப்படியான வார்த்தைகளில் அதுவும் ஒன்று. கால் சரியாகட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எங்கே முதலில் விட்டுப்போகும் என்றுதான் கண் போகும். ஃபுட்பால் ஷூவையும் அப்படித்தான் அணுகினேன். போனில் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. மண் தரையில் ஆட, அடியில் நீளமான குமிழ்கள் வேண்டும். அவை மண்ணில் ஊன்றிப் பிடிக்கும். செயற்கைப் புல்லில் அதையே போட்டால் கால் சிக்கி மூட்டு திருகும். அங்கே சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய இருக்கிற ஷூதான் சரி. நாங்கள் டர்ஃபை விட்டு வேறெங்கும் ஆடியதில்லை. ஆகவே அந்தக் கேள்வி தீர்ந்தது. மீதியைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் கோல்கீப்பர் வேனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆவடிக்குப் போனோம். சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுக்குப் பார்த்து வாங்கினால்தான் ஆடும்போது கடிக்காது. ஆட்டத்துக்குப் போடும் தடித்த சாக்ஸையும் கைப்பையில் வைத்திருந்தேன்.

கடைக்காரர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார். “பையனுக்கு எத்தனாவது சைஸ் மேடம்?”

“பையன்லாம் இல்லண்ணா. ஆடறது இவுங்கதான்,” என்றாள் கோல்கீப்பர்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எந்தச் சலனமும் இல்லாமல் என் காலைப் பார்த்து, உள்ளே போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். அழகு என்றால் அழகு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

“சோக்கா கீதுக்கா! இத்த போட்டுகினு வந்தேன்னா எதிர் டீமு பந்த வுட்டுட்டு உன் கால பாத்துகினு நிக்கும்.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். சுண்டுவிரல் மடங்கிப் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அகலக் கால்.

“போடப் போட லூசாயிடும் மேடம்,” என்றார் கடைக்காரர்.

“இது தோல் இல்லையே. எவ்வளவு லூசாகும்?”

அவர் ஷூவின் பக்கவாட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, “ரொம்ப ஆவாதுதான்,” என்று ஒத்துக்கொண்டார். பிறகு ஆண்கள் வரிசையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து வந்தார். எந்த அலங்காரமும் இல்லாத ஷூ. முன்பக்கம் அகலம். உள்ளே விரல்கள் பக்கம் பக்கமாகப் படுத்துக்கொண்டன. குதிகால் அசையவில்லை. ஷூவைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். விரல் மடியும் இடத்தில் மட்டும் வளைந்தது, நடுப்பாதம் விறைப்பாக நின்றது. அடியும் மேல்பாகமும் சேரும் இடத்தில் பசையோடு தையலும் இருந்தது.

“இஸ்கூல் ஷூ மாரி கீது,” என்றாள் கோல்கீப்பர், முகத்தைச் சுளித்து.

“போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

அவள் கடைக்காரரிடம் கேட்டு ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். அங்கிருந்து ஷூ அடுக்குகளுக்கு நடுவே என் பக்கம் உருட்டிவிட்டாள். உள்பாதத்தால் நிறுத்தினேன். பந்து காலில் பட்டது எனக்குத் தெரிந்தது. பழைய ஷூவில் தலையணையைக் கட்டிக்கொண்டு உதைப்பது போலிருக்கும். இதில் பந்தின் காற்று எவ்வளவு இறுக்கம் என்பதுகூடக் காலுக்குத் தெரிந்தது. திருப்பித் தள்ளினேன். நேராக அவள் கைக்குப் போயிற்று. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

“இதுதான்,” என்றேன்.

கோல்கீப்பர் விடவில்லை. அந்த ஆரஞ்சு ஷூவின் நிறத்தில் தனியாகக் கயிறு கிடைக்குமா என்று கேட்டு வாங்கி, கறுப்பு ஷூவில் தானே கோத்துக் கொடுத்தாள். “இப்போ ஓகே. இல்லாங்காட்டி நீ இஸ்கூல் வாத்தியார் மாரி இருப்பே.”

மறுநாள் காலையில் ஆடினேன். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பந்தை முன்பு போலவே தவறவிட்டேன், முன்பு போலவே மூச்சு வாங்கியது. ஆனால் சட்டென்று திரும்பினால் கால் நின்றது. ஆட்டம் முடியும்போதுதான் கவனித்தேன், கோல்கீப்பர் அன்றைக்கு ஒரு தடவைகூட ‘கீழ பாக்காத’ என்று கத்தவில்லை.

எங்களுக்கு வந்த முதல் மேட்ச்தான் ஷூவுக்குச் சோதனையாக அமைந்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண்கள் அணி, பயிற்சிக்காக எங்களோடு ஆடக் கூப்பிட்டது. போய் இறங்கினால் மண் மைதானம். முதல் நாள் மழை வேறு. அந்தப் பெண்களின் ஷூக்களில் நீளக் குமிழ்கள். எங்கள் அத்தனை பேருக்கும் டர்ஃப் ஷூ. அவ்வளவு படித்து, அழுத்தி, வளைத்துப் பார்த்து வாங்கினேனே, மேட்ச் எந்தத் தரையில் என்று ஒருத்தரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் வழுக்கினோம். எங்கள் குடியிருப்பின் பல் டாக்டர் பந்தைத் துரத்திப் போய், பந்து நின்ற பிறகும் நிற்க முடியாமல் கோடு தாண்டிப் போனார். கோல் மேல் கோல் விழுந்தது. கோல்கீப்பர் தலை முதல் கால் வரை சேறு. அவள் சிரிக்க ஆரம்பித்ததும் எங்களுக்கும் பயம் விட்டுப்போயிற்று. ஓடினால்தானே வழுக்கும் என்று நான் ஓடுவதைக் குறைத்தேன். பந்து வரும் இடத்தைப் பார்த்து முன்கூட்டியே போய் நின்றேன். அப்படி நின்ற ஒரு தடவை, வேகமாக வந்த பந்து உள்பாதத்தில் வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் பல் டாக்டர் தனியாக நின்றார். தள்ளினேன். போய்ச் சேர்ந்தது. அவர் உதைத்தது கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. கல்லூரிப் பெண்களே கைதட்டினார்கள்.

தோற்றுப்போய்க் குழாயடியில் கால் கழுவும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி என் ஷூவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “அக்கா, இது இந்த கிரவுண்டுக்கு ஆகாதுக்கா.”

“ஷூ நல்லா தெரிஞ்சுதான் வாங்குனோம் கண்ணு. கிரவுண்டுதான் தெரியாம பூட்டுச்சு,” என்றாள் கோல்கீப்பர்.

வழியில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு இட்லிக் கடைக்காரர் உள்ளே விடாமல் வாசலிலேயே மேசை போட்டுக் கொடுத்தார். பிறகு வேனில் ஏறி, சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். ஷூக்களை ஜன்னல் கம்பிகளில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வெயில் ஏறியிருந்தது.

“இன்னாக்கா, வாங்குனது வொர்த்தா?” என்று ஓட்டிக்கொண்டே கேட்டாள் கோல்கீப்பர்.

“வொர்த்துதான்,” என்றேன். “அடுத்த மேட்ச் மட்டும் நம்ம டர்ஃபுக்கு அவங்களக் கூப்பிடு.”

“கூப்ட்டேன். வராங்களாம்.”

யாரோ பின்னால் விசில் அடித்தார்கள். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர், ஸ்கூல் வேன் நிறையச் சேறு பூசிய பெண்களைப் பார்த்துவிட்டு, பச்சை விழுந்த பிறகும் கிளம்ப மறந்து நின்றார்.